மெக்சிகோவின் பழைய வீடுகளை ஜோடி ஜோடியாகப் பாருங்கள்

மெக்சிகோவில் இரண்டு வாரம் இருக்கப் போகிறோம், கடற்கரை வேண்டாம், பிரமிடு ஒன்றிரண்டு போதும், பழைய வீடுகளும் பண்ணை மாளிகைகளும்தான் பார்க்க ஆசை, 68 வயது அம்மாவும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு, எங்கெங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

பட்டியல் போட்டால் ஐம்பது வீடு வரும், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நான் முதல் முறை போனபோது ஒரு நாளைக்கு நாலு வீடு என்று பார்த்தேன், இப்போது அதில் பாதி நினைவில் இல்லை. அடுத்த முறை வேறு மாதிரி செய்தேன், அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். எந்த வீட்டையும் தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு பெரிய வீட்டைப் பார்த்தால் அதை எதிர்த்து நின்ற ஆளின் வீட்டையும் பாருங்கள், இல்லையென்றால் அந்த வீட்டைக் கட்டப் பணம் எங்கே விளைந்ததோ அந்த இடத்தையாவது பாருங்கள். மெக்சிகோவில் இந்த ஜோடிகள் நிறையவே கிடைக்கும், பல நேரம் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

எல்லோரும் போகிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே போக வேண்டிய இடம். மெக்சிகோ நகரின் தெற்கே கொயோவகான் என்ற பகுதியில் ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீடு இருக்கிறது, ஊரில் காசா அசுல் என்பார்கள். அவருடைய அப்பா 1904இல் கட்டியது, ஃப்ரீடா 1907இல் பிறந்து 1954இல் இறந்ததும் இதே ஊரில்தான், வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த வீட்டில். 1958இல் அருங்காட்சியகம் ஆனது. ஓவியங்களைப் பார்க்கப் போனால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், அவருடைய முக்கியமான ஓவியங்கள் பல வேறு இடங்களில் இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது கட்டிலும் சமையலறையும். 18 வயதில் பஸ் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர் அவர், கட்டிலுக்கு மேலே முகம் பார்க்கும்படி கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள், அதில் தன்னையே பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்தக் கண்ணாடியை நேரில் பார்த்த பிறகு அவர் ஏன் இத்தனை சுயசித்திரம் வரைந்தார் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறையில் விறகடுப்பு, நீலமும் மஞ்சளுமாக ஓடுகள், சுவரில் குட்டிக் குட்டி மண்சட்டிகளைக் கோத்து ஃப்ரீடா, தியேகோ என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். படுக்கையறையில் தவளை வடிவத்தில் ஒரு பழங்கால மண்கலம் இருக்கும், பலர் கவனிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள், அவருடைய சாம்பல் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்று. கணவர் தியேகோ ரிவேரா ஒரு குளியலறையை 15 வருடம் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார், அதன் பொறுப்பில் இருந்த தோலோரெஸ் ஓல்மேதோ தன் ஆயுள் முழுக்க அதைத் திறக்கவே விடவில்லை, கடைசியில் 2004இல்தான் திறந்தார்கள். உள்ளே அவருடைய உடைகள், கடிதங்கள், மருந்துகள், முதுகைத் தாங்கும் கவசங்கள். இப்போது வீட்டின் ஒரு பகுதியில் அந்த உடைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், குட்டையான ஒரு காலை அந்த நீளப் பாவாடைகள் எப்படி மறைத்தன என்று கிட்ட நின்று பார்க்கலாம்.

சரி, இதற்கு ஜோடி எது? பத்து நிமிட நடையில், ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான லியோன் டிராட்ஸ்கி கொலையான வீடு. ஸ்டாலினுக்குத் தப்பி மெக்சிகோவுக்கு வந்தவர் 1937 ஜனவரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் நீல வீட்டில்தான் தங்கினார், ரிவேராவுடன் மனக்கசப்பு வந்து 1939இல் இங்கே மாறினார். அந்த வீட்டின் நிறங்களைப் பார்த்த கண்ணோடு இங்கே நுழைந்தால் மனசு சட்டென்று கனத்துவிடும். செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள், இரும்புக் கதவுகள், காவல் கோபுரம். 1940 மே 24 விடியற்காலையில் ஓவியர் சிகேரோஸ் தலைமையில் ஒரு கும்பல் வந்து சுட்டுத் தள்ளியது, படுக்கையறைச் சுவரில் அந்தத் துளைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கணவனும் மனைவியும் தப்பினார்கள், பேரப்பையனுக்குக் காலில் காயம். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, வீட்டுக்கு வந்துபோய்ப் பழகிய ஒருவனே எழுத்து மேசையில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் பனிக்கோடரியால் அடித்தான், மறுநாள் இறந்தார். அந்த அறையும் மேசையும் புத்தகங்களும் அப்படியே இருக்கின்றன. தோட்டத்தில் அவர் வளர்த்த முயல்களுக்கான கூண்டுகள் இருக்கின்றன, உயிருக்குக் குறி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த மனிதர் தினமும் போய் முயலுக்குத் தீனி வைத்திருக்கிறார் என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நீல வீட்டில் கூட்டம் நெரியும், இங்கே பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அம்மா தோட்டத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம்.

நீல வீட்டுக்கு நுழைவுச்சீட்டை இணையத்தில் வாரக்கணக்கில் முன்னதாகவே வாங்கிவிடுங்கள், நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், அன்றைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

அடுத்த ஜோடிக்கு நடுவே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தூரம், ஆனாலும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்று மெக்சிகோ நகரில் குன்றின் மேல் நிற்கும் சபுல்டெபெக் கோட்டை. ஸ்பானிய ஆளுநர் ஒருவருக்கு ஓய்வு மாளிகையாக 1785 வாக்கில் ஆரம்பித்து, ராணுவக் கல்லூரியாக இருந்து, 1864இல் ஆஸ்திரியப் பேரரசரின் தம்பி மாக்சிமிலியன் பிரெஞ்சுப் படையின் துணையோடு வந்து மெக்சிகோவின் சக்ரவர்த்தி என்று உட்கார்ந்தபோது அரண்மனை ஆனது. அவரும் மனைவி கார்லோட்டாவும் மூன்று வருடம்கூட நிம்மதியாக ஆளவில்லை, ஆனால் கட்டிலும் குளியல் தொட்டியும் சாப்பாட்டு மேசையும் மொட்டை மாடித் தோட்டமும் என்று அந்த வாழ்க்கையை அறை அறையாக வைத்திருக்கிறார்கள். ஏற்றம் கொஞ்சம் கடினம், பதினைந்து இருபது நிமிடம் ஏற வேண்டும், அம்மாவை காலை வெயில் ஏறுமுன் கூட்டிப் போங்கள், மெக்சிகோ நகரமே 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வந்திறங்கிய முதல் இரண்டு நாளில் இந்த ஏற்றம் வேண்டாம்.

அங்கே வண்டிகள் வைத்திருக்கும் கூடத்தைத் தவறவிடாதீர்கள். மாக்சிமிலியனின் பொன் வேலைப்பாடுள்ள அலங்கார வண்டியும் பெனிட்டோ ஹுவாரெஸின் சாதாரணக் கறுப்பு வண்டியும் அங்கேதான் இருக்கின்றன. சக்ரவர்த்தி அரண்மனையில் இருந்த வருடங்களில் நாட்டின் சட்டப்படியான ஜனாதிபதி ஹுவாரெஸ் அப்படிப்பட்ட ஒரு கறுப்பு வண்டியில் அரசு ஆவணங்களோடு வடக்கே வடக்கே என்று எல்லை வரை நகர்ந்துகொண்டிருந்தார். 1867 ஜூன் 19 அன்று மாக்சிமிலியனை கெரேத்தாரோவில் சுட்டுக் கொன்றார்கள், ஹுவாரெஸ் தலைநகருக்குத் திரும்பினார்.

அந்த ஹுவாரெஸ் வளர்ந்த வீடு ஒவஹாகா ஊரில் இருக்கிறது, இதுதான் ஜோடி. சபோதெக் பழங்குடியில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஸ்பானிய மொழி தெரியாமல், 1818இல் 12 வயதில் மலையிலிருந்து ஊருக்கு நடந்தே வந்தவர். அவருடைய அக்கா, மாசா என்ற ஒரு குடும்பத்தின் வீட்டில் சமையல் வேலை பார்த்தார், அந்த அக்காவைத் தேடித்தான் வந்தார். சாலனுவேவா என்ற புத்தகம் கட்டுபவர் பையனைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். அந்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம், முற்றத்தைச் சுற்றி நாலைந்து அறை, ஒரு கிணறு, சமையலறை, புத்தகம் கட்டும் பட்டறை, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வாசலில் படியேற்றம் பெரிதாக இல்லை. அக்கா சமைத்த அந்த மாசா வீட்டு மகள் மார்கரீத்தாவைத்தான் 1843இல் ஹுவாரெஸ் கல்யாணம் செய்துகொண்டார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னச் சமையலறையைப் பாருங்கள். கோட்டையின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் இங்கே வந்தால் மெக்சிகோவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு புரிந்துவிடும்.

கோட்டைக்கு இன்னொரு துணை வீடும் பக்கத்திலேயே உண்டு, லோஸ் பினோஸ். ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் எனக்குக் கோட்டை வேண்டாம் என்று 1930களின் நடுவில் அங்கே குடியேறினார், கோட்டை தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக 1944இல் திறந்தது. 2018 வரை ஜனாதிபதிகள் வாழ்ந்த லோஸ் பினோஸையும் அந்த வருடம் டிசம்பர் 1 முதல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அலங்காரம் பெரிதாக இல்லை, நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

இப்போது அசியெண்டாக்கள். இதைத்தான் நீங்கள் பண்ணை மாளிகை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மாளிகை அதில் ஒரு பகுதிதான். ஒரு அசியெண்டா என்றால் நிலம், முதலாளி வீடு, கோயில், ஆலை, தொழிலாளர் குடிசைகள், கடை எல்லாம் சேர்ந்த ஒரு தனி ராஜ்யம். வடக்கே கால்நடை, நடுப்பகுதியில் புல்கே என்ற கற்றாழைக் கள்ளும் வெள்ளிச் சுத்திகரிப்பும், மொரேலோஸில் கரும்பு, யுகடானில் நார் என்று இடத்துக்கு இடம் தொழில் மாறும். அதனால் எந்த அசியெண்டாவுக்குள் போனாலும் முதலில் ஆலைக்கும் கடைக்கும் போங்கள், தூண் வைத்த தாழ்வாரத்தைக் கடைசியில் பாருங்கள். வழிகாட்டியிடம் 'தோந்தே எஸ்தாபா லா தியெண்டா தெ ராயா' என்று கேளுங்கள், பண்ணைக்கடை எங்கே இருந்தது என்று அர்த்தம். தொழிலாளிக்குக் கூலியைக் காசாகத் தராமல் அந்தக் கடையில் மட்டும் செல்லும் வில்லையாகவோ கடன் கணக்காகவோ தருவார்கள், கடன் தீராது, பல இடங்களில் அப்பன் கடன் பிள்ளை தலையில் ஏறும், கடன் தீராமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் வழிகாட்டி மனப்பாடமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு உண்மையான கதையைச் சொல்ல ஆரம்பிப்பார், எனக்கு இரண்டு இடத்தில் அப்படி நடந்தது.

அசியெண்டா பார்க்க ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் என்றால் தென்கிழக்கே இருக்கும் யுகடான். மெரிடா ஊரில் பசேயோ தெ மோன்தேஹோ என்ற அகலமான சாலையில், மரநிழலில், பிரெஞ்சுப் பாணி மாளிகைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் கின்தா மோன்தெஸ் மோலினா வீட்டுக்குள் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி பலாசியோ கன்தோன், அது இப்போது மானிடவியல் அருங்காட்சியகம். இத்தனை பணம் எங்கிருந்து வந்தது? எனெகென் என்ற கற்றாழையின் நாரிலிருந்து. நம்மூரில் ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் நிற்கும் ரயில் கற்றாழையின் நெருங்கிய சொந்தம் அது. அமெரிக்காவில் கோதுமை அறுத்துக் கட்டாகக் கட்டும் இயந்திரம் வந்ததும் கட்டுவதற்குக் கயிறு வேண்டியிருந்தது, அந்தக் கயிற்றுக்கு நார் யுகடானிலிருந்து போனது, அதைப் பச்சைத் தங்கம் என்றார்கள். இந்த மோன்தெஸ் மோலினா வீட்டின் அவெலினோ மோன்தெஸ் அந்த நார் ஏற்றுமதியின் பெரிய புள்ளி, மாமனார் ஓலெகாரியோ மோலினா மாநில ஆளுநர், 1902இல் மாமனாரின் நிறுவனம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு நாரின் விலையை இறக்க ரகசிய ஒப்பந்தமே போட்டது. அந்த வீட்டின் வரவேற்பறையில் நின்று இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை தெற்கே கிளம்புங்கள். ஊஷ்மால் என்ற பழைய மாயா நகரத்துக்குப் போகிற வழியில், மெரிடாவிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில், யாஷ்கோபோயில் என்ற பண்ணை. சாலையிலிருந்தே இரட்டை வளைவு வாசல் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்தது, உச்சத்தில் 11,000 ஹெக்டேர் நிலம் இருந்தது. இதை ஹோட்டலாக்கிப் பளபளப்பாக்கவில்லை, அதனாலேயே எனக்கு இது மிகவும் பிடிக்கும். உயரமான கூரை, வெளிறிய சுவர், பழைய நாற்காலிகள், சாமி படங்கள், முதலாளி எழுந்து பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார் என்பது போல் இருக்கும். பின்பக்கம் இயந்திரக் கூடத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய எஞ்சின் இன்னும் நிற்கிறது. மடலின் சதையை உரித்து நாரைப் பிரிக்கிற இயந்திரங்களும் இருக்கும்.

இயந்திரம் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சோத்தூட்டா தெ பெயோன் போக வேண்டும், அதுவும் மெரிடாவுக்குத் தெற்கேதான். அங்கே இன்றும் எனெகென் பயிராகிறது, மடலை நசுக்கி உரித்து வெயிலில் நாரைத் தொங்கவிட்டுக் கட்டுப் போடுவது வரை முழு வேலையும் செய்து காட்டுகிறார்கள், கோவேறு கழுதை இழுக்கும் தண்டவாள வண்டியில் வயலுக்குள் கூட்டிப் போகிறார்கள், மாயா குடும்பத்து ஓலைக்கூரை வீடு ஒன்றில் நிறுத்தி மாயா மொழி பேசும் ஒருவர் பழைய வாழ்க்கையைச் சொல்கிறார், கடைசியில் நிலத்தடிக் குளத்தில் குளிக்கலாம். கொஞ்சம் சுற்றுலாத்தனம் உண்டு, இருந்தாலும் அந்த நார் உரிக்கும் இரைச்சலையும் புளித்த வாடையையும் ஒரு தடவை அனுபவித்தால்தான் மெரிடாவின் பளிங்குத் தரை என்னவென்று தெரியும். இங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கடனில் கட்டுண்ட மாயா மக்கள், அவர்களோடு வடமேற்கே சோனோராவிலிருந்து ராணுவம் பிடித்துக் கொண்டுவந்த யாகி இன மக்களும் இருந்தார்கள், வந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. கடன் கொத்தடிமை முறையை 1910இல் ஆரம்பித்த மெக்சிகோ புரட்சிதான் முடித்தது, 1937இல் கார்தெனாஸ் இந்த நிலங்களைப் பிரித்துக் கொடுத்தார். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும், நமக்குப் பழக்கம்தான் என்றாலும் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் போகாதீர்கள்.

நாலாவது ஜோடி எனக்கு மிக நெருக்கமானது, ஆனால் வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கு ஒரு பாராதான் இருக்கும். மெக்சிகோ நகரிலிருந்து ஒரு காரும் ஓட்டுநரும் ஏற்பாடு செய்துகொண்டு விடியற்காலையில் மொரேலோஸ் மாநிலத்துக்குக் கிளம்புங்கள். முதலில் குவெர்னவாகாவில் கோர்த்தெஸ் அரண்மனை, மெக்சிகோவை வென்ற எர்னான் கோர்த்தெஸ் 1520களில் தனக்காகக் கட்டிய கல் கோட்டை வீடு. இந்தப் பக்கம் கரும்பு ஆலை வைத்தவரும் அவர்தான். மேல் தாழ்வாரத்தில் தியேகோ ரிவேரா 1930இல் முடித்த சுவரோவியம் இருக்கிறது, ஒரு பக்கம் கரும்பு ஆலையில் மாடு மாதிரி உழைக்கும் மக்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக் குதிரையோடு விவசாயிகளின் புரட்சித் தலைவர் எமிலியானோ சபாட்டா. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதே சபாட்டாவின் ஊருக்குப் போங்கள், அனெனெகுயில்கோ, குவாவுட்லா பக்கத்தில். 1879இல் அவர் பிறந்த மண் வீட்டின் சுவர்கள் மட்டும் மிச்சம், மேலே ஒரு பாதுகாப்புக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். காலையில் கோர்த்தெஸின் கல் சுவரைத் தொட்டுவிட்டு மத்தியானம் அந்த மண் சுவர் முன்னால் நிற்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். பக்கத்துக் கரும்புப் பண்ணை கிராமத்து நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியபோது, 1909இல் ஊர் கூடி 30 வயது சபாட்டாவைத் தலைவராக்கி, தலைமுறை தலைமுறையாகக் காத்த பழைய நிலப் பத்திரங்களை அவர் கையில் கொடுத்தது. புரட்சி அவருக்கு அந்தப் பத்திரங்களிலிருந்துதான் ஆரம்பித்தது.

பிறகு இன்னும் தெற்கே, சினமேகா அசியெண்டா. 1919 ஏப்ரல் 10 அன்று அரசுப் படைக் கர்னல் ஒருவர் கட்சி மாறுவதாக நடித்து சபாட்டாவை அங்கே விருந்துக்கு அழைத்தார். வாசலில் அணிவகுத்து நின்ற வீரர்கள் மரியாதைக்காக எக்காளம் ஊதினார்கள், ஊதி முடித்ததும் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு பாய்ந்த அந்த வாசலில் இன்றும் துளைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் விரலை வைத்துக் காட்டுவார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலை பிடிக்குமென்றால் மெக்சிகோ நகரில் கட்டடக்கலைஞர் லூயிஸ் பர்ரகான் 1948இல் தனக்காகக் கட்டிய வீடு, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, வெளியே சாதாரணச் சுவர், உள்ளே வெளிச்சத்தை வைத்தே கட்டியிருக்கிறார். முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், படம் எடுக்கத் தனிக் கட்டணம். அதன் மரப்படிக்குக் கைப்பிடி கிடையாது, அம்மாவுக்கு ஒத்து வராது. அதற்கு ஜோடியாக அதே நகரின் சான் ஆங்ஹெல் பகுதியில் இன்னொரு கட்டடக்கலைஞர் ஹுவான் ஓகோர்மன் 1930களின் ஆரம்பத்தில் ரிவேராவுக்கும் ஃப்ரீடாவுக்கும் கட்டிய இரண்டு வீடுகள், மேலே ஒரு சின்னப் பாலத்தால் இணைந்தவை, வேலிக்குக் கள்ளிச்செடி. வீடு என்பதை பர்ரகான் ஒதுங்கி இருக்கும் இடமாக நினைத்தார், ஓகோர்மன் வேலை செய்யும் இயந்திரமாக நினைத்தார். வடக்கே சிவாவாவில் புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவின் வீடும், புரட்சியால் ஓடிப்போன ஒரு பணக்காரரின் கின்தா கமேரோஸும் ஒரு அருமையான ஜோடி, ஆனால் இரண்டு வாரத்தில் அதை நுழைக்காதீர்கள், தூரம் அதிகம்.

அசியெண்டா ஹோட்டலில் தங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு இரவு தங்குங்கள், போதும். வெள்ளி சுத்திகரித்த சாந்தா மரியா ரெக்லா, இதால்கோ மாநிலத்தில், மெக்சிகோ நகரிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது, 18ஆம் நூற்றாண்டில் ரோமெரோ தெ தெர்ரெரோஸ் என்ற சுரங்க முதலாளி கட்டியது, பக்கத்திலேயே ஆறு பக்கக் கற்தூண்கள் நிற்கும் பள்ளத்தாக்கு. அவருடைய சுரங்கத் தொழிலாளர்கள் 1766இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்த ஊரான ரியால் தெல் மோந்தெ வழியில்தான் வரும், அங்கே இறங்கி ஒரு சுரங்கத்தைப் பார்த்துவிட்டு மாளிகைக்குப் போங்கள். அந்தக் காலத்தில் பகலில் வெள்ளித் தாதுவும் பாதரசமும் கலந்த சேற்றைக் கோவேறு கழுதைகள் மிதித்த முற்றத்தில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கலாம்.

நாள் பிரிப்பதை இப்படி வையுங்கள்: மெக்சிகோ நகரில் ஐந்து நாள், அதில் முதல் முழு நாள் கொயோவகான், நாலாவது நாள் கோட்டை, ஐந்தாவது நாள் மொரேலோஸ். அப்புறம் ரெக்லாவுக்குப் போய் ஒரு இரவு, ஒவஹாகாவில் மூன்று நாள், அங்கிருந்து விமானத்தில் மெரிடா, நாலு நாள். அநேகமாக எல்லா அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் திங்கட்கிழமைகளைப் பயண நாளாக்கிவிடுங்கள், ஒவஹாகாவுக்கு பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் ஆகும், அந்த நாளுக்கு அது சரியாகப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் உள்ளூர் மக்களுக்கு இலவசம், குடும்பம் குடும்பமாக வருவார்கள், அம்மாவுக்குக் கூட்டம் ஆகாதென்றால் அன்றைக்குக் கோட்டைப் பக்கம் வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை கொட்டும், அந்த மாதங்களில் போவதானால் முற்றமும் தோட்டமும் உள்ள வீடுகளைக் காலையில் வையுங்கள்.